பேசாத குழந்தையும் பேசும் படங்களும்

திருப்பூரில் தைத்து முடிந்து, பெட்டியேறக் காத்திருக்கும் பனியன் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கத் தையலின் உட்புறத்தில் சிறு துணித் துண்டு ஒன்று தொங்கும். நீர்த் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என ஐந்து சிறு படங்கள் அதில் அச்சாகியிருக்கும். தொட்டிக்குள் எழுதிய எண், எத்தனை டிகிரி சூட்டில் துவைக்கலாம் என்று சொல்கிறது. இஸ்திரிப் பெட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் சூடு காட்டக் கூடாது என்று பொருள். அதைத் தைத்தவர் ஒடிசாவிலிருந்து வந்தவராக இருக்கலாம். செக்கிங் செய்தவர் அவிநாசிக்காரராக இருக்கலாம். வாங்கி அணிபவர் ஜெர்மானியராக இருக்கலாம். மூவருக்கும் பொதுமொழி ஏதும் இல்லை. ஆயினும் செய்தி தவறாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1963-ஆம் ஆண்டில் பாரிசில் அமைந்த ஒரு பன்னாட்டுச் சங்கம் இந்தப் படங்களை உலகெங்கும் பரப்பிற்று.

இனி அதே ஊரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். தாய் ஓவர்லாக் எந்திரத்தில் தைப்பவர். தந்தை கட்டிங் மாஸ்டர். சிறுவனுக்குப் பேச்சு வரவில்லை. தாகம் எடுத்தால் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குடத்தருகே போய், அவளுடைய கையைச் சொம்பின்மேல் வைக்கிறான். முகத்தைப் பார்ப்பதில்லை. தாய்க்குப் புரிந்தால் சரி. புரியாவிட்டால் தரையில் தலையை மோதிக்கொண்டு அழுகிறான். வீட்டார் அதைப் பிடிவாதம் என்கிறார்கள். உண்மையில் அவன் சொல்ல விரும்பியது ஒரே சொல்: தண்ணீர். அந்தச் சொல்லுக்கு ஒரு வடிவம் அவனிடம் இல்லை. துணித் துண்டில் ஐந்து படங்களால் இயலுவது இவனுக்கும் இயலுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆட்டிசம் என்பது யாது?

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் மருத்துவராக இருந்த லியோ கானர், 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்கள் பிறரோடு ஒட்டவில்லை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். சிலர் பேசவே இல்லை. பேசியவர்களில் சிலர் கேட்ட சொற்றொடரை அப்படியே ஒப்பித்தார்கள். “தண்ணீர் வேணுமா?” என்று தாய் கேட்பதைக் கேட்டுப் பழகிய குழந்தை, தனக்குத் தாகம் எடுக்கும்போதும் “தண்ணீர் வேணுமா?” என்றே சொல்லும். நாம் இதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் அது வெறும் எதிரொலி அல்ல. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் குழந்தை கேட்கிற கேள்வி அது.

ஆட்டிசம் தொற்றுநோய் அன்று. கருவிலிருந்தே மூளை வளரும் முறையில் உள்ள வேறுபாடு அது. மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருந்தது. இவர்களுள் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான குழந்தைகள், பள்ளி செல்லும் வயதிலும் மிகச் சில சொற்களே பேசுகிறார்கள். அல்லது பேசுவதே இல்லை.

ஒரு பழைய பழியையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். தாயின் அன்புக் குறைவால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பிற்று. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் எழுதிய நூல் இக்கருத்தை ஊரெல்லாம் பரப்பியது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலார் அதற்கு முன்பே, 1964-இல், இது உடலியல் சார்ந்தது என்று சான்றுகளோடு எழுதியிருந்தார். அறிவியல் அவர் பக்கமே நின்றது. எனினும் பழி இன்னும் முற்றும் ஒழியவில்லை. “கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனாள், அதனால்தான்” என்று பனியன் தொழிலாளியான தாயைப் பார்த்துச் சொல்வோர் உண்டு. கைப்பேசியைக் காரணம் காட்டுவோரும் உண்டு. வேலைக்குப் போனதால் ஆட்டிசம் வருவதில்லை. கைப்பேசி அதற்குக் காரணம் என்பதும் நிறுவப்படவில்லை. குழந்தையோடு பேசும் நேரத்தைக் கைப்பேசி தின்றுவிடுகிறது என்பது உண்மை. அது வேறு செய்தி.

ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாமை, இரண்டு வயதிலும் இரு சொற்களை இணைத்துப் பேசாமை, வந்த சொற்கள் மறைந்துபோதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். “அவங்கப்பனுக்கும் நாலு வயசுலதான் பேச்சு வந்துச்சு” என்று வீட்டில் அமுச்சி சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காத்திருந்து பார்ப்பதில் போகும் இரண்டு ஆண்டுகள், மூளை மிக வேகமாகக் கற்கும் ஆண்டுகள். முதல் வேலையாகச் செவிப்புலனைச் சோதிக்க வேண்டும். அழைத்தால் திரும்பாத குழந்தை, அடுத்த அறையில் பிஸ்கட் உறை சரசரத்தால் ஓடி வருவதைக் கண்டு, காது கேட்கிறது என்று வீட்டாரே முடிவு செய்துவிடக் கூடாது. சோதனைதான் அதைச் சொல்ல வேண்டும்.

சிலருக்கு ஒலியும் தொடுகையும் நமக்குத் தெரிவதைவிடப் பன்மடங்கு உறைக்கும். பல்லடம் பக்கத்தில் விசைத்தறிகளை ஒட்டிய வீடுகளில், தறி ஓடும் நேரம் முழுவதும் காதைப் பொத்திக்கொண்டிருக்கும் பிள்ளையைக் குறும்பு என்று அடிப்பது கொடுமை. கழுத்தில் உரசும் லேபிள் சிலருக்கு முள்ளாகக் குத்தும். லேபிளைத் தைக்காமல் துணியிலேயே சூட்டால் அச்சிடும் முறை இப்போது பரவிவருகிறது. அத்தகைய மென்மையான பனியன் கிடைக்காவிட்டால், லேபிளைத் தையலோடு பிரித்தெடுத்துவிடுவதே எளிய வைத்தியம்.

படம் ஏன் உதவுகிறது?

ஒரு சொல்லைப் பேசுவது நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு ஆகியவை நொடியின் சிறு கூறுகளில் ஒன்றோடொன்று இணைந்து இயங்கினால்தான் “தண்ணீர்” பிறக்கும். அதற்கு முன் அச்சொல்லை நினைவிலிருந்து எடுக்கவும் வேண்டும். கேட்கும் பக்கத்திலும் இடர் உண்டு. சொன்ன சொல் அக்கணமே காற்றில் மறைந்துவிடுகிறது. படமோ கண்முன் நிற்கிறது. மெதுவாகப் பார்க்கலாம், மீண்டும் பார்க்கலாம். நினைவிலிருந்து தேடி எடுப்பதைவிடக் கண்ட ஒன்றை இனங்கண்டுகொள்வது எளிது என்பது தேர்வெழுதிய மாணவர் அனைவரும் அறிந்ததே.

ஆனால் சுவரில் படங்களை ஒட்டிவிட்டால் மட்டும் போதாது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி பிராஸ்ட் என்ற இருவரும் 1985-இல் இதை நன்கு உணர்ந்தார்கள். படத்தைச் சுட்டிக்காட்டக் கற்ற குழந்தை, அருகில் யாரும் இல்லாதபோதும் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றது. தொடர்பு கொள்வதென்றால் மற்றொருவரிடம் போக வேண்டும் என்பதே அதற்குத் தெரியவில்லை. ஆகவே அவர்கள் படத்தைப் பண்டமாற்றுப் பொருளாக்கினார்கள். குழந்தை படத்தை எடுத்து ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த உடனே அப்பொருள் கிடைக்கும்.

இதன் முதற்படியை விரிவாகச் சொல்வது பயன்தரும், ஏனெனில் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். இதற்குப் பெரியவர் இருவர் தேவை. நம் சிறுவனுக்கு மிகவும் பிடித்த முறுக்கைத் தாய் கையில் வைத்துக்கொண்டு எதிரே அமர்கிறாள். முறுக்குப் படம் நடுவில் கிடக்கிறது. சிறுவன் முறுக்கை நோக்கிக் கை நீட்டுகிறான். அவனுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அமுச்சி, வாய் திறவாமல், அவனுடைய கையைப் படத்தின்மேல் கொண்டுபோய், எடுக்கவைத்து, தாயின் விரித்த உள்ளங்கையில் வைக்கச் செய்கிறார். தாய் உடனே “முறுக்கு!” என்று சொல்லி முறுக்கைத் தருகிறாள். “என்ன வேணும்? சொல்லு, சொல்லு” என்று கேட்கக் கூடாது. கேட்டால், கேள்வி வந்தபின் தருவதே வழக்கமாகிவிடும். தானாகத் தொடங்கும் பழக்கம் வராது. சில பத்து முறைகளுக்குள் அமுச்சியின் உதவி சிறிது சிறிதாகக் குறைகிறது. பிறகு தாய் தள்ளி அமர்கிறாள். அடுத்த அறைக்குப் போகிறாள். சிறுவன் படத்தோடு தேடி வருகிறான். முறுக்குப் படத்தையும் பிடிக்காத ஒன்றின் படத்தையும் பிரித்தறிவதும், படங்களைக் கோத்துத் தொடராக்குவதும் அதற்குப் பின்னர்.

இதற்குப் பணச் செலவு குறைவு. கார்ட்டன் பெட்டி அட்டை, வீட்டுப் பொருள்களின் புகைப்படங்கள், நனையாமலிருக்க ஒரு பாலிதீன் உறை, ஒட்டி எடுக்க வெல்க்ரோ நாடா ஆகியவை போதும். (இந்த நாடாவும் நெசவுப் பொருளே. ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர், காட்டில் தம் உடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டிய முள்விதைகளை உருப்பெருக்கியில் பார்த்து, அவற்றின் கொக்கிகளைக் கண்டு இதை உருவாக்கினார்.)

“படம் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடுமே!”

இந்த அச்சம் ஏறக்குறைய எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. படித்தவர்களுக்கும் உண்டு. குறுக்கு வழி கிடைத்தால் பிள்ளை நேர்வழியை விட்டுவிடும் என்ற எண்ணம் இயல்பானதே. ஆகவே இதை ஆராய்ந்து பார்த்தார்கள். மில்லர், லைட், ஸ்லோசர் ஆகிய மூவர் 2006-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தனர். அவற்றுள் நம்பத்தக்க முறையில் செய்யப்பட்டவற்றில் 27 பேரின் பதிவுகள் இருந்தன. படம், சைகை, கருவி ஆகியவற்றைப் பயன்படுத்திய இவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு கூடியிருந்தது. எஞ்சியவர்களுக்கு மாற்றம் இல்லை. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. கோனி கசாரி குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து முதல் எட்டு வயதுவரை உள்ள, மிகக் குறைவாகப் பேசும் 61 குழந்தைகள் பங்குகொண்டனர். எல்லாருக்கும் ஒரே வகைப் பயிற்சி. ஒரு பிரிவினருக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே பேசும் கருவியும் உண்டு. கருவியோடு தொடங்கியவர்களே தாமாக அதிகம் தொடர்பு கொண்டார்கள்.

காரணம் ஊகிக்கக் கூடியதே. ஒவ்வொரு முறையும் படம், பொருள், தாயின் சொல் மூன்றும் ஒன்றாக வருகின்றன. “பேசு, பேசு” என்ற நெருக்கடி விலகுகிறது. தன் செயலால் பிறரை அசைக்க முடியும் என்பது குழந்தைக்குத் தெரியவருகிறது. அதற்காகப் படம் கொடுத்தால் பேச்சு வந்தே தீரும் என்று சொல்வதும் பிழை. பலருக்குப் பேச்சில் ஏற்படும் பயன் சிறிதே. ஆனால் பேச்சே வராவிட்டாலும் அந்தப் பிள்ளைக்குத் தாகத்தைச் சொல்லவும், வயிற்று வலியைச் சொல்லவும் ஒரு வழி இருக்கும். இதுவே பெரிய ஆதாயம் என்பேன்.

சென்னையில் பிறந்த குரல்

படத்தைத் தொட்டால் குரல் எழுப்பும் கருவிகள் மேலைநாடுகளில் முன்பே இருந்தன. அவற்றின் விலை சில லட்சம் ரூபாய், பேசியதோ ஆங்கிலம். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன், 1985-இல் தொடங்கிய வித்யா சாகர் என்ற சென்னை நிறுவனத்தின் குழந்தைகளோடு பழகி, ஒரு கருவியை உருவாக்கினார். அவர்கள் மூளை முடக்குவாதத்தால் பேச இயலாதவர்கள். கருவிக்கு ‘ஆவாஸ்’ என்று பெயர். இந்தியில் குரல் என்று பொருள். இதற்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப இதழ் 2011-இல் தன் இளம் புத்தாக்குநர் 35 பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 2012-இல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளை மனத்திற்கொண்டு ‘ஆவாஸ்’ கைக்கணினியில் இயங்கும் செயலியாக வந்தது. இன்று தமிழ், இந்தி உள்ளிட்ட சில இந்திய மொழிகளிலும் அது பேசுகிறது. பீகாரிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை வீட்டில் இந்தியிலும் அங்கன்வாடியில் தமிழிலும் கேட்க வேண்டியிருக்கும் திருப்பூர் போன்ற ஊரில் இந்த வசதியின் அருமை தெரியும்.

மொழி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கில அட்டைகளில் “நான் வேண்டுகிறேன்” என்பது முதலிலும் பொருள் பின்னாலும் வரும். அதை அப்படியே தமிழில் அடுக்கினால், வீட்டில் யாரும் பேசாத ஒரு மொழியைப் பிள்ளைக்குக் கற்பிக்கிறோம் என்றாகும். நம் வரிசை “தண்ணீர் – வேண்டும்”. தமிழில் மற்றொரு நல்வாய்ப்பும் உண்டு. வா, போ, கொடு, எடு, நிறுத்து என்ற ஏவல் வினைகள் விகுதி ஏதும் சேராமல் தனித்தே நிறைவான தொடராக நிற்கும். ‘கொடு’ என்று ஒரே அட்டையை நீட்டினால் இலக்கணப் பிழையின்றி ஒரு வாக்கியம் முடிந்துவிடுகிறது. வேற்றுமை உருபுகளைப் படமாக வரைவதுதான் கடினம். அது பின்னால் பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை.

அட்டையானாலும் செயலியானாலும் விதி ஒன்றே: பெரியவர்களும் அதைக் கொண்டே பேச வேண்டும். எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஓராண்டு கேட்ட பிறகே முதற் சொல்லைச் சொல்கின்றன. படமொழியை மட்டும் யாரும் பேசிக்காட்டாமல் முதல் வாரத்திலேயே குழந்தை பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். “குளிக்கப் போகலாம்” என்னும்போது தாய் குளியல் படத்தைத் தொட வேண்டும். “போதும்” என்னும்போது போதும் படத்தைத் தொட வேண்டும். கைக்கணினியை வாங்கி, உடையாமலிருக்கப் பீரோவில் பூட்டிவைத்த வீடு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

யாருடைய கை?

ஓர் எச்சரிக்கை தேவை. 1970-களில் ஆஸ்திரேலியாவில் ரோஸ்மேரி கிராஸ்லி என்பவர், பேசாதவரின் கையைத் தாங்கிப் பிடித்து எழுத்துகளைத் தொடவைக்கும் முறையைப் புகுத்தினார். 1990 வாக்கில் அது அமெரிக்காவில் பரவியது. ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகள் திடீரெனக் கவிதை எழுதினார்கள். பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். பின்னர் எளிய சோதனை ஒன்று நடந்தது. குழந்தைக்கு ஒரு படமும் கை பிடிப்பவருக்கு வேறொரு படமும், ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாதபடி காட்டப்பட்டன. கை பிடித்தவர் கண்ட படத்தின் பெயரே எழுதப்பட்டது. அவர்கள் ஏமாற்றவில்லை, ஆவியை அழைக்கும் பலகையில் விரல் தானே நகர்வதுபோல், தாம் அறியாமலே கையை இயக்கினார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 1994-இல் இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானித்தது. முன்பு சொன்ன முதற்படியில் அமுச்சியின் உதவி விரைவில் மறைந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். மறையாத உதவியை ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

மருந்து உண்டா?

ஆட்டிசத்தின் அடிப்படையை மாற்றும் மருந்து இன்று இல்லை. கடுஞ்சினம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளல் போன்றவற்றைத் தணிக்க ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவதுண்டு. வலிப்பும் உறக்கமின்மையும் இருந்தால் அவற்றுக்குத் தனியே மருத்துவம் உண்டு. அவ்வளவே.

இல்லாத மருந்தை விற்பவர்களோ பலர். 1998-இல், செகிரெட்டின் என்ற குடல் இயக்குநீரை ஊசியாகச் செலுத்தியதும் சில குழந்தைகள் தேறினர் என்ற செய்தி பரவியது. அடுத்த ஆண்டே 60 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் செகிரெட்டினும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினர். இரு பிரிவினருமே ஓரளவு தேறினார்கள், வேறுபாடு இல்லை. குழந்தை வளர்வதும் பெற்றோரின் நம்பிக்கையும் சேர்ந்து அப்படிக் காட்டின. இதில் என்னை மிகவும் பாதித்தது முடிவு அன்று. அம்முடிவை எடுத்துச் சொன்ன பிறகும் 69 விழுக்காட்டுப் பெற்றோர் அந்த ஊசியில் இன்னும் விருப்பம் உண்டு என்றார்கள். அவர்களை நகைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த விருப்பத்தைக் காசாக்குபவர்களே குற்றவாளிகள். நம் நாட்டில் பல லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் சிகிச்சை தரப்பட்டு வந்திருக்கிறது. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இல் தெளிவாகக் கூறியது. சீட்டுப் பணத்தையும் நகையையும் அதில் கொட்டும் முன் இதை அறிந்திருப்பது நல்லது.

பயன் தருவது பயிற்சி. அதைப் பெருமளவு தருபவர் வீட்டாரே. 2016-இல் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. சிறப்பு மருத்துவர்கள் கிடைக்காத இடங்களில், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களே வீடு தேடிச் சென்றார்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதைத் தாயோடு அமர்ந்து பார்த்தார்கள். “இதோ, இங்கே அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை” என்று காட்டினார்கள். பிள்ளையின் போக்கைப் பின்தொடரத் தாய் கற்றுக்கொள்ள, பிள்ளை தானாகத் தொடர்பு கொள்வதும் கூடியது.

ஒன்றரை ஷிப்டு பார்த்து இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்பும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. தனியே நேரம் ஒதுக்கத் தேவையில்லாமல், குளிப்பாட்டல், சோறூட்டல், சட்டை மாட்டல் ஆகியவற்றுக்குள்ளேயே இதைப் பொருத்திவிடலாம். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அமுச்சிக்கோ அங்கன்வாடிப் பணியாளருக்கோ முதலில் கற்பிப்பதே அறிவுடைமை. 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அமையும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் சோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிப் பெறலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுக்கொண்டிருப்பதால் சான்றிதழ் பெற வழி உண்டு. ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும்; பயிற்சிச் செலவும் அதில் அடங்கும்.

எந்தப் படத்தில் தொடங்குவது? முறுக்கு, தண்ணீர், ஊஞ்சல் என்று பிள்ளை விரும்புவதில் தொடங்குவதே வழக்கம். ஆனால் வெகு விரைவில் ‘வேண்டாம்’ என்ற அட்டையையும் சேர்க்க வேண்டும். மறுக்க வழியில்லாத பிள்ளைதான் கடிக்கிறது, தட்டைத் தள்ளிவிடுகிறது. நம் சிறுவன் அந்த அட்டையை முதன்முறையாக நீட்டும்போது, ஊட்டிக்கொண்டிருக்கும் கை நின்றாக வேண்டும். “இன்னும் ஒரே ஒரு வாய் கண்ணு” என்று தொடர்ந்தால் அட்டைக்குப் பொருள் இல்லாமல் போய்விடும். சில நாட்களுக்குத் தட்டில் சோறு மீந்துதான் போகும்.